மறைந்த பட்டதாரித் தாத்தாவின் வாழ்க்கையை எங்கே தேடுவது?

கேள்வி: என் அம்மாவின் அப்பா 1950-களில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர். 1987-ல் காலமானார். வீட்டில் அங்கி போட்ட ஒரு படமும், பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பின் துண்டும்தான் மிச்சம். ‘ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி’ என்று அதில் போட்டிருக்கிறது. எங்கெங்கே வேலை பார்த்தார் என்று அம்மாவுக்கே சரியாகத் தெரியவில்லை. அவரைப் போன்ற தமிழ்ப் பட்டதாரிகள் என்ன ஆனார்கள்? அவர் வாழ்க்கையை எங்கே தேடுவது?

பதில்:

எங்கள் பழைய விடுதித் தோழர்களுக்காக மறைந்தவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை இருபது வருடத்துக்கும் மேலாக எழுதி வருகிறேன். ஒருவர் போன பிறகு குடும்பத்தாரிடம் கேட்டால் கடைசிப் பதவியைச் சொல்வார்கள், வாங்கிய விருதைச் சொல்வார்கள், பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்வார்கள். அது போதாது என்று எனக்குப் புரிய நாளாயிற்று. இப்போதெல்லாம் இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்கிறேன். படிக்க யார் பணம் கொடுத்தார்கள்? முதல் வேலைக்கு எந்த ஊருக்கு அனுப்பினார்கள்? இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். உங்கள் தாத்தாவுக்கும் இதையே கேட்கலாம்.

இதை நான் கற்றுக்கொண்டது என் பெரியப்பாவிடமிருந்து. அவர் இறந்தபோது அறிவிப்பில் ‘ஓய்வுபெற்ற ஆசிரியர்’ என்று மட்டும் போட்டோம். எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தால், உள்ளே வேட்டிகளுக்கு அடியில் ஒரு கட்டு மணியார்டர் ரசீதுகள். மாதம் தவறாமல் யாழ்ப்பாணத்துக்கு 40 வெள்ளி. பெறுபவர் பெயர் அப்பாவின் மூத்த அக்கா, நாங்கள் பெரிய மாமி என்று கூப்பிட்டவர். ஒவ்வொரு ரசீதிலும் தபால் நிலைய முத்திரை. அதை வரிசைப்படுத்தி வைத்தபோது பத்து பஹாட்டில் ஆறு வருடம், செகாமட்டில் இரண்டு வருடம், பிறகு சிங்கப்பூர் என்று அவருடைய உத்தியோகமே என் முன்னால் விரிந்துவிட்டது. பணம் எதற்கு என்பதை மாமியின் மகள் சொன்னார். பெரியப்பாவை ராஃபிள்ஸ் கல்லூரிக்கு அனுப்புவதற்காக மாமியின் சீதன நகையை விற்றிருக்கிறார்கள். மாமியின் கல்யாணம் ஏழு வருடம் தள்ளிப்போயிருக்கிறது. பெரியப்பா அதைக் கடைசி வரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கடனை அடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

சரி, உங்கள் தாத்தாவுக்கு வருவோம். முதலில் அவர் படித்த இடத்தின் பெயரைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான் பலருடைய தேடல் முதல் நாளிலேயே நின்றுபோகிறது.

சிங்கப்பூரில் உயர்கல்வி 1905-ல் மருத்துவப் பள்ளியோடு தொடங்கியது. டான் ஜியாக் கிம் என்ற பெரானாக்கான் (இந்த வட்டாரத்திலேயே வேரூன்றிய சீன வம்சாவளி) வணிகர் முன்னின்று 87,077 வெள்ளி திரட்டினார். முதல் அணியில் 23 மாணவர்கள். அந்தப் பள்ளிதான் 1921-ல் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி ஆனது. அதன் பழைய கட்டடம் இன்றும் பொது மருத்துவமனை வளாகத்தில், சுகாதார அமைச்சின் அலுவலகமாக நிற்கிறது. கலைக்கும் அறிவியலுக்கும் ராஃபிள்ஸ் கல்லூரி 1928-ல் புக்கிட் தீமாவில் பாடம் தொடங்கியது. இந்த இரண்டும் 1949 அக்டோபரில் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. பெயர் மலாயா, இடம் சிங்கப்பூர். 1962 ஜனவரியில் அது இரண்டாகப் பிரிந்தது. கோலாலம்பூரில் இருந்தது மலாயாப் பல்கலைக்கழகம் என்ற பெயரை வைத்துக்கொண்டது. இங்கே இருந்தது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஆனது. 1980-ல் அதுவும் நன்யாங் பல்கலைக்கழகமும் சேர்ந்து இன்றைய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். ஆகவே தாத்தாவின் சான்றிதழில் ‘மலாயா’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டுக் கோலாலம்பூருக்கு எழுதிக் காத்திருக்க வேண்டாம். 1950-களில் படித்தவர் என்றால் இங்கேயே தொடங்குங்கள்.

இன்னொன்று, ‘பட்டதாரி’ என்ற சொல். 1949-க்கு முன்னால் ராஃபிள்ஸ் கல்லூரி கொடுத்தது டிப்ளோமாதான், பட்டம் இல்லை. மருத்துவக் கல்லூரி கொடுத்ததும் மருத்துவம், அறுவை சிகிச்சைக்கான உரிமம். பிரிட்டிஷ் பொது மருத்துவ மன்றம் அதை 1916-ல் ஏற்றுக்கொண்டது. ஆனால் வீட்டில் எல்லாரும் ‘டிகிரி வாங்கியவர்’ என்றே சொல்லி வளர்த்திருப்பார்கள். பட்டம் என்ற தலைப்பின் கீழ் மட்டும் பெயரைத் தேடினால் இப்படிப்பட்டவர்கள் சிக்க மாட்டார்கள்.

இதற்கு முன்னாள் அதிபர் எஸ். ஆர். நாதன் அவர்களையே சொல்லலாம். 1924-ல் இங்கே பிறந்து முவாரில் வளர்ந்தவர். சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்து, வீட்டை விட்டு வெளியேறி, கிடைத்த வேலைகளைச் செய்து, ஜப்பானியர் காலத்தில் அவர்கள் மொழியைக் கற்று மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 1954-ல் சமூக ஆய்வு டிப்ளோமாவைச் சிறப்புத் தேர்ச்சியுடன் முடித்தபோது வயது முப்பது. முதல் வேலை, 1955-ல் மருத்துவ சமூகப் பணியாளர். அடுத்த வருடம் கடலோடிகள் நல அதிகாரி. 1962-ல் தொழிலாளர் ஆய்வுப் பிரிவு. வெளியுறவு அமைச்சு, லாஜு படகுக் கடத்தல், தூதர் பதவிகள், 1999 முதல் 2011 வரை நாட்டின் அதிபர் என்பதெல்லாம் பிறகு வந்தவை. 1974-ல் லாஜு விவகாரத்தில் ஆயுததாரிகளோடு அதே விமானத்தில் குவைத் வரை பிணையாகப் போன அதிகாரிகளில் அவரும் ஒருவர். துறைமுகத்தில் கடலோடிகளின் குறைகளைக் கேட்டுப் பழகிய ஆள் அந்த விமானத்தில் ஏறியதை நான் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. 2016 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது அரசு இறுதிச் சடங்கு நடந்தது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கலாசார மண்டபத்தில். டிப்ளோமா வாங்கிய இடத்தின் வாரிசு அது.

அந்தத் தலைமுறைத் தமிழ்ப் பட்டதாரிகளில் யாருடைய பிள்ளைகள் அதிகம் என்று கேட்டால், குமாஸ்தாக்களின் பிள்ளைகள் என்பேன். ரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் கணக்கு எழுதிய யாழ்ப்பாணத் தமிழர், தமிழ்நாட்டிலிருந்து வந்து ஆங்கிலம் கற்று அலுவலகத்தில் அமர்ந்தவர்கள் ஆகியோரின் வீடுகளிலிருந்துதான் பலர் போனார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவரின் மகனுக்குத் தமிழ்ப் பள்ளிக்கு அப்பால் வழியே இல்லாமல் இருந்தது. ஆங்கிலப் பள்ளி வேண்டும், பட்டணத்தில் தங்க இடம் வேண்டும், பள்ளி இறுதியில் சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வுக்குக் கட்டணம் வேண்டும். இத்தனையும் தாண்டி ஒருவர் வந்திருந்தால் அவருக்குப் பின்னால் நிச்சயம் ஒரு மாமாவோ அக்காவோ வட்டிக்குக் கொடுத்த செட்டியாரோ உதவித்தொகையோ இருக்கும். யார் என்று அம்மாவிடம் கேளுங்கள். தாத்தாவைப் பற்றி நேரடியாகக் கேட்டால் ‘தெரியாது’ என்பவர், ‘தாத்தா யாருக்காவது மாதாமாதம் பணம் அனுப்பினாரா?’ என்று கேட்டால் யோசிக்க ஆரம்பிப்பார். என் அனுபவத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் வராத வீடு மிகவும் குறைவு.

முதல் வேலை எந்த ஊரில் என்பது ஏன் முக்கியம்? காலனி ஆட்சியில் உள்ளூரில் படித்தவருக்கு ஓர் எல்லை இருந்தது. மருத்துவக் கல்லூரியில் தேறியவர் உதவி நிலையில்தான் அரசு வேலையில் சேர முடியும். அவருக்கு மேலே, இங்கிலாந்திலிருந்து வந்த அதிகாரி உட்கார்ந்திருப்பார். ராஃபிள்ஸ் கல்லூரியில் தேறியவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்களானார்கள். அப்போது மலாயாவும் சிங்கப்பூரும் ஒரே வட்டாரமாகப் புழங்கியதால் முவார், தைப்பிங், குவாந்தான் என்று எங்கே வேண்டுமானாலும் மாற்றல் வரும். 1950-களின் நடுவில் தன்னாட்சி நெருங்க நெருங்க, ஆங்கிலேயர் விட்டுப்போன நாற்காலிகள் திடீரென்று காலியாயின. உங்கள் தாத்தா பட்டம் வாங்கியது சரியாக அந்தச் சமயத்தில். அவரைவிடப் பத்து வருடம் மூத்தவர் பதினைந்து வருடத்தில் அடைந்த இடத்தை அவர் ஐந்தே வருடத்தில் அடைந்திருக்கக்கூடும். ‘கல்வி அதிகாரி’ என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

அப்புறம் 1965 ஆகஸ்ட் 9, மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்த நாள். பிரிவினைக்குப் பிறகு கோலாலம்பூரில் வேலை, சிங்கப்பூரில் வீடு என்று இருந்தவர்கள் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. ஒரே விடுதி அறையில் படுத்தவர்கள் இரண்டு நாட்டுக் குடிமக்கள் ஆனார்கள். டாக்டர் எம். கே. ராஜகுமார் அப்படி அந்தப் பக்கம் வாழ்ந்தவர். மலாக்காவில் பிறந்தவர், இங்கே மருத்துவம் படித்தவர். 1954-ல் பல்கலைக்கழகச் சோஷலிஸ்ட் மன்றத்தின் ‘ஃபஜார்’ இதழில் வந்த ஒரு தலையங்கத்துக்காக ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட எட்டு மாணவர்களில் அவரும் ஒருவர். பொருளியல் படித்த ஜேம்ஸ் புதுச்சேரியும் அந்த எண்மரில் இருந்தார். லண்டனிலிருந்து வந்த டி. என். பிரிட் என்ற வழக்குரைஞர் வாதாட, துணை நின்றவர் இளம் வழக்குரைஞர் லீ குவான் இயூ. மாணவர்கள் விடுதலையானார்கள். ராஜகுமார் பின்னாளில் மலேசிய மருத்துவச் சங்கத்தின் தலைவராகவும், உலகக் குடும்ப மருத்துவர் அமைப்பின் தலைவராகவும் இருந்து 2008-ல் மறைந்தார். சிங்கப்பூர்ப் பத்திரிகைகளை மட்டும் புரட்டினால் அவருடைய வாழ்க்கையில் பாதி கிடைக்காது. உங்கள் தாத்தாவின் வகுப்புத் தோழர்களைத் தேடும்போதும் ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்க்க மறக்காதீர்கள்.

இப்போது பெயரைப் பற்றி. தமிழர்களின் வாழ்க்கைக் குறிப்பு எழுதுபவருக்கு மிகப் பெரிய தலைவலி இதுதான். நம் பெயரில் குடும்பப் பெயர் இல்லை. பதிவேட்டை எழுதிய ஆங்கிலேயக் குமாஸ்தா ஒரு வருடம் தகப்பன் பெயரை முன்னால் போட்டிருப்பார், அடுத்த வருடம் பின்னால். சிவசுப்பிரமணியத்தில் வரும் பகரத்தை ஒருவர் ஆங்கில ‘B’ எழுத்தில் எழுதுவார், இன்னொருவர் ‘P’ எழுத்தில். பழனியின் ழகரம் ஒரு இடத்தில் லகரமாகும், ஒரு இடத்தில் யகரமாகும். யாழ்ப்பாணத்தார் ‘அம்’ என்று முடிப்பதை இந்தியத் தமிழர் ‘அன்’ என்று முடிப்பார்கள். ஆகவே தாத்தாவின் பெயரை ஒரே மாதிரி எழுதித் தேடாமல், குறைந்தது ஆறு ஏழு விதமாக எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள். முதலெழுத்துகளை மட்டும் வைத்தும் தேடுங்கள்.

எவ்வளவு தூரம் குழப்பும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரே மருத்துவ வளாகத்தில், ஒரே காலகட்டத்தில், இரண்டு பேராசிரியர்களுக்குச் சண்முகரத்தினம் என்று பெயர். ஒருவர் கனகரத்தினம் சண்முகரத்தினம். மற்றவர் சிற்றம்பலம் சண்முகரத்தினம், எல்லாரும் ஷான் ரத்னம் என்று அறிந்தவர். இருவரும் இன்று இல்லை. இருவரையும் ஒருவராக எண்ணி எழுதிய குறிப்புகளை நானே திருத்தியிருக்கிறேன்.

முதலாமவர் நோயியல் வல்லுநர், 1921-ல் பிறந்தவர். ஏழாம் எட்வர்ட் கல்லூரியில் சேர்ந்து, போரால் படிப்பு தடைப்பட்டு, பிறகு முடித்தார். நோயியலாளரை நோயாளி பார்ப்பதில்லை. உடலிலிருந்து எடுத்த சிறு திசுத் துண்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்து இது புற்றா இல்லையா என்று சொல்லும் வேலை. 1967-ல் அவர் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகத்தைத் தொடங்கினார். இந்த நாட்டில் யாருக்கு எந்த வயதில் எந்த உறுப்பில் புற்று வருகிறது என்று ஒன்றுவிடாமல் எழுதி வைக்கும் ஏற்பாடு. மூக்கின் பின்பகுதியில் வரும் புற்று நம் வட்டாரத்துச் சீனர்களிடம் அதிகம் என்பது போன்றவற்றை ஊகமாக இல்லாமல் கணக்காகப் பேச முடிந்தது இப்படிப்பட்ட பதிவுகளால்தான். 2018 ஜூலையில், 97 வயதில் மறைந்தார். பத்திரிகைகளில் ‘தர்மனின் தந்தை’ என்ற அடையாளம் முன்னால் வந்தது. அது இயல்புதான், மகன் அப்போது துணைப் பிரதமர். ஆனால் அந்தப் பதிவகத்தைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அரை நூற்றாண்டாக ஒரு நாட்டின் நோய்க் கணக்கு அதில் இருக்கிறது.

ஷான் ரத்னம் 1928-ல் இலங்கையில் பிறந்தவர், மகப்பேறு மருத்துவர். 1971 ஜூலையில் சிங்கப்பூரின் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தவர். சோதனைக்குழாய் முறையில் கருவுற்ற முதல் சிங்கப்பூர்க் குழந்தை 1983 மே மாதம் பிறந்தது அவருடைய குழுவின் உழைப்பால். 2001 ஆகஸ்டில் மறைந்தார். பிள்ளை இல்லை என்று கோயில் கோயிலாக ஏறி இறங்கிய எத்தனையோ பேர் அதற்குப் பிறகு மருத்துவமனைக்கும் போகலாம் என்று நம்பினார்கள். பாலின மாற்று சிகிச்சை அந்தக் காலத்தில் எவ்வளவு வசவை வாங்கித் தந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவருடைய குறிப்பில் ‘முதல்’, ‘முதல்’ என்று பட்டியல் போட்டு நிறுத்துபவர்கள் அந்தத் துணிச்சலை விட்டுவிடுகிறார்கள்.

‘முதல்’ என்ற சொல் மறைத்துவிடும் இன்னொரு வாழ்க்கை டாக்டர் பி. ஆர். ஸ்ரீனிவாசனுடையது. ஏழாம் எட்வர்ட் கல்லூரியில் படித்த மருத்துவர், 1962-ல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். அடுத்த வருடமே விலகினார். மாணவர் சேர்க்கையில் அரசியல் காரணங்களைப் பார்ப்பது குறித்து அரசாங்கத்தோடு எழுந்த கருத்து வேறுபாடு. ‘முதல் துணைவேந்தர்’ என்று மட்டும் எழுதினால் அந்த மனிதர் எதற்காகப் பதவியை விட்டார் என்பது போய்விடும்.

எல்லாரும் நீண்ட ஆயுள் வாழவில்லை. நரம்பியல் அறுவை நிபுணராக இருந்து அரசியலுக்கு வந்த டாக்டர் பாலாஜி சதாசிவன் 2010-ல் 55 வயதில் போனார். இன்னொரு நரம்பியல் அறுவை நிபுணர் கோபால் பரதம், பகலில் மருத்துவமனையும் மற்ற நேரத்தில் ஆங்கிலக் கதைகளுமாக வாழ்ந்து 1991-ல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்று, 2002-ல் மறைந்தார். தமிழ்க் கணினிக்கு வழி போட்ட நா. கோவிந்தசாமி 1999 மே மாதம் மறைந்தபோது அவருக்கு 53 வயதுதான். தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர், அதற்கு முன்பே சிறுகதை எழுத்தாளர். 1995-ல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழியிலும் இணையத்தில் ஏறியபோது தமிழ் எழுத்துகளும் திரையில் தெரிந்ததற்கு அவருடைய பங்கு பெரிது. இன்று நாம் கைப்பேசியில் தமிழில் தட்டுவதைப் பார்க்க அவர் இல்லையே என்பது எனக்கு மாறாத வருத்தம்.

தாத்தா சட்டமோ தமிழோ படித்திருந்தால் தேடும் இடம் மாறும். இங்கே சட்டப் படிப்பின் முதல் அணி வெளிவந்தது 1961-ல். அதற்கு முந்திய வழக்குரைஞர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில் படித்தவர்கள். ஏ. பி. ராஜா ஆக்ஸ்ஃபர்டில் படித்தார், ஜெ. பி. ஜெயரத்தினமும் நீதிபதி சின்னத்துரையும் லண்டனில். தமிழுக்கு நிலைமை வேறு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956-ல் வந்தது. அதில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று போராடி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் திரட்டி நூல்கள் வாங்கித் தந்தவர் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி. வெள்ளி வெள்ளியாகக் கொடுத்த தொழிலாளிகளில் பலர் பல்கலைக்கழக வாசலை மிதித்ததே இல்லை. அந்தத் துறை பிறகு கோலாலம்பூருக்குப் போய்விட்டதால், இங்கே தமிழில் பட்டம் பெற விரும்பியவர்கள் அங்கேயோ சென்னைக்கோ அண்ணாமலைக்கோ போக வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டே தமிழில் பட்டம் படிக்கும் வாய்ப்பு 2006-ல், அப்போது சிம் பல்கலைக்கழகம் என்ற பெயரில் இயங்கிய இடத்தில்தான் கிடைத்தது.

பாட்டிமார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கேள்வி தாத்தாவைப் பற்றியது, ஆனால் பாட்டியும் படித்தவராக இருந்தால் அவரைத் தேடுவது இன்னும் கடினம். பதிவேட்டில் தகப்பன் பெயரோடு இருப்பவர், வேலையில் கணவர் பெயரோடு இருப்பார். இரண்டும் ஒருவர்தான் என்று எந்தத் தாளும் சொல்லாது. அரசு வேலையில் இருந்த பெண்கள் கல்யாணமானதும் நிரந்தரப் பணியை இழந்து தற்காலிக ஊழியர்களாகும் வழக்கம் 1960-களின் தொடக்கம் வரை இருந்தது. ஆகவே ஒரு பெண்ணின் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தால் வேலையை விட்டுவிட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இனி நீங்கள் போக வேண்டிய இடங்கள். தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு இணையத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் போன்ற பத்திரிகைகள் தேர்வு முடிவுகளையும் பட்டமளிப்புப் பட்டியல்களையும் பெயர் பெயராக அச்சிட்டன. முதலில் அதைப் பாருங்கள். தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் உண்டு. தமிழ் எழுத்தில் தேடினால் எல்லாம் பிடிபடாது. தாத்தா இறந்த தேதி உங்களிடம் இருப்பதால் அதற்கு அடுத்த நாலைந்து நாள் இதழ்களையும், ஒரு வருடம் கழித்து நினைவஞ்சலி வந்திருக்கக்கூடிய இதழ்களையும் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். நினைவஞ்சலிகளில் ஊர்ப் பெயர் வரும். அது பெரிய உதவி.

அடுத்து விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடம். மேலே ஆய்வு நூலகத்தில் இரண்டு வகைப் புத்தகங்களைக் கேளுங்கள். ஒன்று, பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் வெளியிட்ட ‘கேலண்டர்’ என்ற கையேடு. மற்றது, அரசாங்க ஊழியர் பட்டியல். இந்தப் பட்டியலில் ஒருவரின் தகுதி, வேலையில் சேர்ந்த தேதி, அப்போதைய பதவி எல்லாம் ஒரு வரியில் இருக்கும். வருடத்துக்கு வருடம் அந்த வரியைப் பிரதி எடுத்து அடுக்கினால் மாற்றல், உயர்வு, இடையில் விடுபட்ட வருடங்கள் எல்லாம் தெரியும். விடுபட்ட வருடம் இருந்தால் சோர்ந்துவிடாதீர்கள். மேல்படிப்புக்குப் போனாரா, நோயில் விழுந்தாரா, எல்லைக்கு அப்பால் வேலை பார்த்தாரா என்று அங்கேதான் கேட்க வேண்டும். தாத்தா மருத்துவராக இருந்திருந்தால் அரசிதழில் ஆண்டுதோறும் வந்த பதிவுபெற்ற மருத்துவர் பட்டியலே போதும்.

அவர் வேலை பார்த்த பள்ளிகளுக்கும் எழுதிப் பாருங்கள், ஆனால் அதிகம் நம்பிவிடாதீர்கள். பெரியப்பா நெடுங்காலம் கற்பித்த பள்ளி ஒன்றில் நான் கேட்டபோது, இடம் மாறிய சமயத்தில் பழைய பதிவேடுகளைக் கழித்துவிட்டதாகச் சொன்னார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பள்ளியின் 1950-களின் ஆண்டு மலர்கள் சில, பழைய மாணவர் ஒருவருடைய அலமாரியில் பத்திரமாக இருந்தன. ஆண்டு மலரில் ஆசிரியர்கள் குழுப் படம் கட்டாயம் இருக்கும், கீழே வரிசைப்படி பெயர்களோடு.

நான் அதிகம் வலியுறுத்துவது தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளை. 1979-ல் தொடங்கிய பணி அது. ஆசிரியர்கள், மருத்துவர்கள், தொழிற்சங்கத்தார், கோயில் நிர்வாகிகள் என்று பலர் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார்கள். தமிழ்ப் பேட்டிகளும் உண்டு. உங்கள் தாத்தா பேசியிருக்க மாட்டார், ஆனால் அவரோடு விடுதியில் இருந்தவர் பேசியிருக்கலாம். டனர்ன் சாலை விடுதிகளில் மெஸ் சாப்பாடு எப்படி இருந்தது, யார் புத்தகத்தை யார் இரவல் வாங்கினார் என்றெல்லாம் அவர்கள் சொல்வதில் தாத்தா இருந்த இடமும் காலமும் கேட்கும். தாத்தாவின் பெயரை மட்டும் போட்டுத் தேடிவிட்டுக் கைவிட வேண்டாம். பட்டமளிப்புப் பட்டியலில் அவர் பெயருக்கு மேலும் கீழும் இருக்கும் பத்துப் பெயர்களையும் எடுத்துத் தேடுங்கள். உயிரோடு இருக்கும் வகுப்புத் தோழர் யாராவது கிடைத்தால் அந்த வாரமே போய்ப் பாருங்கள். 1955-ல் பட்டம் வாங்கியவருக்கு இப்போது தொண்ணூறைத் தாண்டியிருக்கும். ‘அடுத்த மாதம் போகலாம்’ என்று நான் தள்ளிப்போட்ட மூன்று பேரை அப்புறம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மாலையோடு போய்ப் பார்க்க வேண்டி வந்தது.

மரணச் சான்றிதழ் வீட்டில் இல்லையென்றால் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தில் பதிவின் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். அதிகாரபூர்வப் பதிவில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது அதில் தெரியும்.

இதற்கெல்லாம் முன்னால் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டமளிப்புப் படத்தைச் சட்டத்திலிருந்து மெதுவாகக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். அந்தக் கால ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் பெயரும் தெருவும் பதித்த முத்திரையைக் குத்துவார்கள். சிலவற்றில் பென்சிலில் தேதி இருக்கும். தாத்தாவே யாருக்காவது கையெழுத்திட்டு அனுப்ப எடுத்து வைத்த பிரதியாகவும் இருக்கலாம். 1950 முதல் 1961 வரையிலான பட்டமளிப்புப் பட்டியல்களில் தமிழ்ப் பெயர்களை மட்டும் நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தாத்தாவின் முதலெழுத்துகளையும் அவருடைய தகப்பனார் பெயரையும் அம்மாவிடம் கேட்டு, படத்தின் பின்னால் இருப்பதையும் சேர்த்து எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.